மனைவியும் புளிமா, துணைவியும் புளிமா

கோர்ட்டில் என்னைக் கவிஞர் என்பார்கள். கவிஞர்கள் கூடுகிற இடத்தில் வக்கீல் என்பார்கள். ரெண்டு இடத்திலும் சொல்கிறவர் கடைவாயில் ஒரே சிரிப்புத்தான். "வாங்க கவிஞரே, இன்னைக்கு வாய்தாவா வெண்பாவா?" என்று பார் ரூமில் ஒருத்தன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டுப் பக்கம் கவியரங்கத்துக்குப் போனால், "அடுத்ததா நம்ம வக்கீலய்யா சித்த நேரம் வாதாடுவாங்க" என்று மைக்கில் சொல்வான் இன்னொருத்தன். எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஏறி என்ன செய்ய? நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

நான் யாரென்று எனக்கே பிடிபட்டதில்லை என்பதுதான் நிஜம். மங்கலம் ரோட்டில் என் ஆபீஸ். கீழே எலாஸ்டிக், லேபிள் விற்கிற கடை, மாடியில் நான். பக்கத்துக் கட்டடத்தில் நாளெல்லாம் ஓவர்லாக் மெஷின் சத்தம். எழுதினது ஒரே ஒரு தொகுப்பு. அச்சுக்கூடத்திலிருந்து வந்த புத்தகக் கட்டில் பெரும்பாலானது இன்னமும் சட்டப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. ஒருமுறை கட்சிக்காரர் ஒருத்தர், காத்திருந்த நேரத்தில் அதில் ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டு, "இது எந்தச் செக்சனுங்க?" என்று கேட்டார். காதல் செக்சன் என்று சொல்ல வாய் வந்தது. புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தேன்.

ஊருக்குள் என்னிடம் கவிதை கேட்டு வருகிறவர்கள் இல்லாமல் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கு நாலு வரி, சீர் விசேசத்துக்கு நாலு வரி, எல்லாத்தையும் விட எச்சாகக் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு நாலு வரி. யாராவது போய்ச் சேர்ந்தால் பிளக்ஸ் கடைக்காரன் போனில் காத்திருப்பான். இங்கே நான் நின்றபடியே எழுதிக் கொடுக்க வேண்டும். "ஏனுங்க, உசுரோட இருக்கறவங்க யாருமே உங்ககிட்டக் கவிதை கேக்க மாட்டாங்களா?" என்பாள் என் வீட்டுக்காரி. கேலிதான். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லையே.

அப்படி எழுதிக் கொடுத்த ஒரு பேனரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஆபீசுக்குப் பின் தெருவில் ஒருத்தர் வீட்டோடு ஷெட் போட்டு, பெரிய கம்பெனிகளுக்கு டீசர்ட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்திருபது மெஷின். நல்ல மனுசன், வாய் மட்டும் ரொம்பக் கம்மி. நாற்பது தாண்டியும் கல்யாணம் இல்லை. அவரிடம் டெய்லராக ஒரு பெண் வேலைக்கு வந்தார். குண்டடம் பக்கம் ஒரு கிராமம், புருசன் செத்துப்போய் தனியாக நின்றவர். ஒருநாள் ரெண்டு பேரும் பஸ் ஏறி ஒரு மலைக்கோயிலுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது அந்தம்மாள் கழுத்தில் தாலி இருந்தது. ஒறம்பரை, சொந்தபந்தம் யாரையும் கூப்பிடவில்லை. போட்டோ இல்லை, ரெஜிஸ்டர் இல்லை. தாலி எடுத்துக் கொடுத்த பூசாரியும் பின்னால் செத்துவிட்டார். ஆதார் கார்டிலும் ரேஷன் கார்டிலும் மாற்றவே இல்லை, முதல் புருசன் பேர்தான் கிடந்தது. யாருக்கு அதெல்லாம் தோன்றும்? தெருவுக்கே தெரியும் அவர்கள் புருசன் பெண்டாட்டி என்று. எனக்கும் தெரியும்.

குழந்தை இல்லை. அவருக்கு ஒரே தம்பி, மங்கலத்தில் பவர்லூம் போட்டிருந்தான். அண்ணனை விட ரொம்பச் சின்னவன். ஞாயிறானால் அண்ணன் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் என் ஆபீஸ் வரைக்கும் வரும்.

அண்ணன்காரர் திடீரென்று நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்குக் காலையில் ஷெட்டில் வேலை செய்கிற ரெண்டு பேர் மாடியேறி வந்தார்கள். "சார், பேனருக்கு எழுதிக் குடுங்க, அக்கா சொல்லி உட்டாங்க" என்றார்கள். நான் எழுதினேன்:

துன்பம் தந்து போனாயே, தூயவனே!
துணைவி துடிக்கின்றாள், தோழரெல்லாம் வாடுகின்றோம்.

பெரிய கவிதை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், துன்பம், தூயவன், துணைவி, துடிக்கின்றாள், தோழர் என்று மோனை கோத்துக்கொண்டு வருகிறதா இல்லையா? அந்த அவசரத்தில் அது அமைந்ததில் எனக்கு ஒரு சந்தோசம் கூட வந்தது. சாவு வீட்டுக்கு எழுதும்போது சந்தோசப்படுகிற ஜென்மம் நான். போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போய் அந்தம்மாளிடம் காட்டினார்களாம். அவர் பார்த்துவிட்டுச் "சரிங்க" என்றாராம். மதியத்துக்குள் பேனர் ஷெட் வாசலில் ஏறிவிட்டது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அந்தம்மாள் என் ஆபீசுக்கு வந்தார். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தாராம். மனைவி என்று இவர் எழுதினதற்குத் தம்பிகாரன் ஆட்சேபணை கொடுத்துவிட்டான். எங்க அண்ணன் கல்யாணமே பண்ணலை, இவங்க வேலைக்கு வந்தவங்க, அவ்வளவுதான் என்று. தகராறு என்றால் தாசில்தார் கையை விரித்துவிடுவார். கோர்ட்டுக்குப் போ என்பார். அப்படியே சொல்லிவிட்டார்.

"ஊட்டக் காலி பண்ணச் சொல்றாங்க சார். நான் எங்கீங்க போவேன்?" என்றார் அந்தம்மாள்.

விசயம் இவ்வளவுதான். மனைவி என்று ஆனால் வீடு அந்தம்மாளுக்கு. இல்லை என்று ஆனால் வீடு தம்பிக்கு, அந்தம்மாள் தெருவுக்கு. நடுவில் வேறு எதுவும் கிடையாது.

எனக்குத் தம்பிகாரன் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவன் கெட்டவன் இல்லை, மாமனார் வீட்டு ஆட்கள் தூண்டிவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அதெல்லாம் யார் யோசித்தது? "கெரகம், நாய்கூடத் தின்ன இடத்தை மறக்காது" என்று அந்தம்மாள் முன்னாலேயே கத்தினேன். "அப்பிடிச் சொல்லாதீங்க சார்" என்றார் அவர். வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, மனைவி என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போட்டேன். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் வெகுகாலம் கணவன் மனைவியாகவே ஊர் அறிய வாழ்ந்தால், கல்யாணம் நடந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும், எதிராக யாரும் நிரூபிக்காதவரை. தெருவில் நாலு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். இது ஜெயித்த வழக்கு என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

அந்தம்மாளைக் குறுக்கு விசாரணை செய்கிற நாள் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என் பழைய சேக்காளி. என்னைக் கவிஞரே என்று கூப்பிடுகிற கூட்டத்தில் முதல் ஆள். பையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்தார். ஷெட் வாசல் பேனர்.

"இந்த பேனர் நீங்க வெச்சதுதானுங்களே அம்மிணி?"

"ஆமாங்க."

"இதுல உங்கள என்னன்னு போட்டிருக்குது? படிங்க."

"துணைவின்னு போட்டிருக்குதுங்க."

"மனைவின்னு போடலீங்களா?"

"இல்லீங்க."

"அது ஏனுங்க?"

அந்தம்மாள் என் பக்கம் திரும்பினார். "அத நான் எழுதலீங்க. எங்க வக்கீல் சார்தானுங்க எழுதிக் குடுத்தாங்க."

கோர்ட்டே சிரித்தது. டவாலி கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். எனக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. நீதிபதியம்மா தென்மாவட்டத்துக்காரர், சின்ன வயசு, அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், நீங்களா எழுதினீங்க?" என்றார்.

"ஆமாம் மேடம்."

"அப்ப நீங்க எப்படி இந்த வழக்கை நடத்துவீங்க? சாட்சியா வரப் போறீங்களா, வக்கீலா நிக்கப் போறீங்களா? முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று வாய்தா போட்டுவிட்டார்.

நியாயமான கேள்வி. ஒரே வழக்கில் வக்கீலாகவும் சாட்சியாகவும் இருக்கக்கூடாது என்பது எங்கள் தொழில் விதி. வக்கீலாக நின்றால், துணைவி என்று எழுதினவன் என்ன நினைத்து எழுதினான் என்று சொல்ல ஆளில்லை. எதிர்த்தரப்பு சொல்கிற அர்த்தமே நின்றுவிடும். சாட்சியாகப் போனால் வழக்கை விட்டுவிட வேண்டும். வக்கீலா, கவிஞரா? ஆயுசெல்லாம் ஊர் என்னைக் கிண்டலாகக் கேட்ட கேள்வியை நீதிமன்றமே கேட்டுவிட்டது. அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆபீசில் திருதிருவென்று முழித்தேன். துணைவி என்றால் மனைவி என்றுதான் போட்டிருக்கிறது. விழா அழைப்பிதழில் துணைவியாருடன் வருக என்று நாம் அச்சடிப்பதில்லையா? மரியாதையான சொல்தானே? ஆனால் அகராதியை மூடிவிட்டுத் தெருவில் இறங்கினால், மனைவி ஒருத்தி, துணைவி இன்னொருத்தி என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரெண்டும் சரியாக இருக்கும்போது நான் எதைப் போய் நிரூபிப்பது?

கடைசியில் வக்காலத்தை விட்டேன். எனக்கு ஜூனியராக இருந்து தனியாகப் போன ஒரு பெண் வக்கீலிடம் வழக்குக் கட்டை ஒப்படைத்தேன். மதுரைப் பொண்ணு, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தது. கெட்டிக்காரி. "சார், நீங்க கூண்டுல ஏறினா கோபப்படாமப் பேசணும், அத மட்டும் பாத்துக்கங்க" என்றாள். என் பிழைப்பு இப்படி ஆகிப்போனதே என்று இருந்தது.

சாட்சிக் கூண்டில் ஏறி நின்று பார்த்தால்தான் தெரிகிறது அது எவ்வளவு உயரம் என்று. இத்தனை வருசமாகக் கீழே நின்று மற்றவர்களை மிரட்டினவன் நான். பேர் கேட்டார்கள், தகப்பனார் பேர் கேட்டார்கள், சொன்னேன். தொழில் என்ன என்றார்கள்.

"வக்கீல்" என்றேன்.

"இந்த வழக்கில என்னவா வந்து நிக்கறீங்க?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

"எழுதினவனா... கவிஞரா" என்றேன். டைப்பிஸ்ட் தட்டிவிட்டாள். கவர்மென்ட் காகிதத்தில் என்னைக் கவிஞர் என்று எழுதினது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. என்ன மனுசன் நான்!

ஜூனியர் நன்றாகவே ஆரம்பித்தாள். நான் மோனையைப் பற்றிச் சொன்னேன். துன்பத்துக்கும் தூயவனுக்கும் துணைவிதான் பொருந்தும், மனைவி என்று போட்டால் ஓசை அறுந்துபோகும் என்றேன். மற்றபடி யாப்பில் ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை, மனைவியும் புளிமா, துணைவியும் புளிமா என்றேன். டைப்பிஸ்ட் நிமிர்ந்து, "புளியமரமா சார்?" என்றாள். "புளிமா. நிரை நேர் புளிமா!" என்று கத்திவிட்டேன். "'இரண்டு சொல்லும் ஒரே அளவு' என்று போடும்மா" என்றார் நீதிபதியம்மா. பொறுமைசாலி.

பிறகு சேக்காளி எழுந்தார். கையில் என் கவிதைத் தொகுப்பு. அதை எங்கே தேடிப் பிடித்தாரோ! என் புத்தகம் ஒரு கறுப்புக் கோட்டுக்காரர் கையில் இருந்ததைப் பார்த்ததும் முதலில் வந்தது பெருமைதான். அப்புறம்தான் எதற்கு எடுத்து வந்திருக்கிறார் என்று பொறி தட்டியது.

"இதுல ஒரு கவிதை வாசிக்கறேன், நீங்க எழுதுனதான்னு சொல்லுங்க கவிஞரே. 'தறிக்கூடத்து உத்திரத்தில், துணைவியைத் தேடி, ஒரு சிட்டுக்குருவி.' உங்களதுதானுங்களே?"

"ஆமாம்."

"அந்தக் குருவிக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

மறுபடியும் சிரிப்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "குருவிக்கு ஏதய்யா கல்யாணம்?" என்றேன்.

"அப்ப கல்யாணம் ஆகாம சேர்ந்திருந்தாலும் துணைவிதானுங்க. சரி. முதல் பக்கத்துக்கு வரலாமுங்க. இந்தப் புத்தகத்த யாருக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்கீங்க, நீங்களே படிங்க."

எனக்கு அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. என் மனைவிக்கு என்று இருந்தது.

"உங்க ஊட்டுக்காரம்மா உங்களுக்கு மனைவி. இந்தம்மா அவருக்குத் துணைவி. ஏனுங்க கவிஞரே, அங்க ஒரு வார்த்தை, இங்க ஒரு வார்த்தை?"

வக்கீலாக இருந்தால் ஆட்சேபிக்கிறேன் என்று குதித்திருப்பேன். கூண்டில் நிற்கிறவன் குதிக்க முடியாது. மோனை என்று சொல்லலாம். சொன்னால் அது உண்மைதான். ஆனால் அது மட்டும்தானா? அந்தக் காலையில் மனைவி என்ற சொல் எனக்கு வந்து, நான் அதை வேண்டாம் என்று தள்ளினேனா, இல்லை அது வரவே இல்லையா? நின்று யோசிக்கிறேன், யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை. ஒரு வார்த்தை ஏன் வந்தது என்று எழுதினவனுக்கே தெரியாது என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்ல?

"தெரியலீங்க" என்றேன். 'தெரியவில்லை' என்று டைப்பிஸ்ட் தட்டினாள். சேக்காளி உட்கார்ந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்தம்மாள் எனக்காக மோர் வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை எல்லாம் அவர் மேல் காட்டினேன். "அன்னைக்குப் பேனரப் பாத்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? துணைவி வேண்டாம், மனைவின்னு போடுங்கன்னு சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"சொல்லோணும்னுதான் நெனச்சனுங்க சார்" என்றார் அவர். "சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா எழுதுனது நீங்க, வக்கீலு. சட்டப்படி என்னையெல்லாம் அப்பிடித்தான் போடோணுமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்க."

கையில் மோர் டம்ளரோடு அப்படியே நின்றேன். எழுதினவன் கவிஞன், அந்தம்மாள் படித்ததோ வக்கீலின் எழுத்தை. கட்டின புருசன் கூடத்தில் கிடக்கும்போது, சட்டம் உன்னை மனைவி என்று சொல்லாது என்று நான் சொல்லி அனுப்பியதாக எடுத்துக்கொண்டு, அதற்கும் ஒரு "சரிங்க" சொல்லி இருக்கிறார். அழுகை வந்தது. நான் அழவில்லை, "மோர்ல உப்பு எச்சாயிருக்குது" என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரி கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "என்னையத் துணைவின்னு போட்டிருந்தீங்கன்னா நான் சும்மா இருந்திருப்பனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ எம் மனைவிடி."

"அப்ப அவங்க?"

பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்துத் தம்பிகாரனின் சாட்சி. நான் என் சாட்சியத்தை முடித்துவிட்டதால் கோர்ட்டுக்குள் உட்காரலாம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்தம்மாள் முன் பெஞ்சில். அவன் கூண்டில் ஏறினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெலிந்து போயிருந்தான். எங்க அண்ணனுக்குக் கல்யாணமே ஆகலீங்க, அந்தம்மா வேலைக்கு இருந்தாங்க என்று மனப்பாடம் பண்ணினது மாதிரி சொன்னான். ஒரு தடவை கூட முன் பெஞ்ச் பக்கம் பார்க்கவில்லை.

ஜூனியர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள். அவன் எல்லாவற்றுக்கும் இல்லீங்க, தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை அங்கே சாப்பிட்டீங்களா? அண்ணன் ஊடுங்க, சாப்பிட்டேன். சமைச்சது யாரு? வேலைக்கு இருந்தவங்கதானுங்க. நான் பின்னால் உட்கார்ந்து பல்லை நறநறத்துக்கொண்டிருந்தேன். வழக்கு கையை விட்டுப் போகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. நான் எழுதின 'துணைவி' என்ற சொல் அதைக் கெடுத்தது. இவன் இன்றைக்கு முடித்து வைக்கப் போகிறான்.

சலித்துப்போய் அவள் ஆஸ்பத்திரிப் பேச்சுக்கு வந்தாள். "உங்க அண்ணனை என்னைக்கு அட்மிட் பண்ணீங்க?"

அவன் நெற்றியைத் தேய்த்தான். "அது வந்துங்க... சந்தைக்கு மறுநாளுங்க. இல்ல, தறிக்கு லீவு உட்ட அன்னைக்குங்களா..." அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாளை நினைத்ததும் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையைக் கூண்டுக் கட்டையில் வைத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே முன் பெஞ்ச் பக்கம் திரும்பினான். "செவ்வாக்கெழமைங்களா நங்கையா?"

"பொதங்கெழமை கண்ணு" என்றார் அந்தம்மாள், அதே வேகத்தில்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. என் சேக்காளி பேனாவைக் கீழே வைத்தார். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கப்சிப். ஆனால் கேள்வி கேட்கிறவள் மதுரை. தட்டச்சுக்குச் சொல்கிறவர் அதற்கும் தெற்கே. ஜூனியர் "புதன்கிழமை, சரி" என்று அடுத்த கேள்விக்குப் போகிறாள்! கத்த வேண்டும் போல் இருந்தது. சாட்சி சொல்லி முடித்தவன் கடைசி பெஞ்சிலிருந்து கத்தினால் என்னை வெளியே தள்ளுவார்கள். வேட்டியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"யாரும்மா நடுவில பேசறது?" என்று நீதிபதியம்மா முன் பெஞ்சைப் பார்த்தார்.

அந்தம்மாள் பதறிப்போய் எழுந்தார். "தப்புத்தானுங்க. தம்பி கேட்டாங்கன்னு..."

நீதிபதியம்மா கூண்டுப் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களைக் கேட்டீங்களா?"

"ஆமாங்க."

"என்னன்னு கூப்பிட்டீங்க?"

அவன் முகம் வெளுத்தது. இப்போதுதான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். "நங்கையான்னுங்க" என்றான், மெல்ல.

"நங்கைன்னா பெண்ணுன்னுதானே அர்த்தம்?"

சேக்காளி சட்டென்று எழுந்தார். "அதேதானுங்க மேடம். இலக்கியத்துல பொம்பளைங்களப் பொதுவா நங்கைன்னுதான்..."

"சாட்சி சொல்லட்டும்."

அவனுக்கு வழி திறந்துதான் இருந்தது. ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, ஒருத்தரும் பொய் என்று சொல்ல முடியாது. வீடு அவனுக்குப் போயிருக்கும். அவன் தன் வக்கீலைப் பார்த்தான். அப்புறம் அந்தம்மாளைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, குறுக்கே பேசிவிட்டோமே என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் கட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

"அண்ணன் பொண்டாட்டியத்தானுங்க எங்க பக்கம் நங்கையான்னு கூப்புடுவோம்" என்றான்.

'அண்ணன் மனைவி' என்று டைப்பிஸ்ட் தட்டினாள்.

தீர்ப்பு நாளில் அந்தம்மாள் வரவில்லை. ஷெட்டில் அவசர ஆர்டர், அன்றைக்குச் சாயங்காலம் சரக்கு ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் ஜூனியரும் நின்று கேட்டோம். என் சாட்சியத்தைப் பற்றித் தீர்ப்பில், இவர் கூறியது எந்தத் தரப்புக்கும் உதவவில்லை என்று ஒரே வரி. கவிஞனாக அரசாங்கம் என்னைப் பற்றி எழுதிய முதல் விமர்சனம்! கோபம் வர வேண்டும், வரவில்லை. கடைசியில் அந்தம்மாள் அவருடைய சட்டப்படியான மனைவி என்று வாசித்தார்கள். ஜூனியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இந்த வழக்கை ஜெயித்தது அவளா, நானா, எதிரில் நின்றவனா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். அந்தம்மாள் செக்கிங் டேபிளில் நின்று டீசர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மிணி! நீங்க அவரோட மனைவிதான்னு கோர்ட்டு சொல்லிருச்சுங்க!"

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அது எனக்குத் தெரியுமுங்களே சார்" என்றார். "நான் ஊட்டுல இருக்கலாமுங்களா? அதச் சொல்லுங்க."